இருபத்து நாலாவது போர்ட்

“ரெண்டு தடவை போகுது சார்.”

இதை நான் சொன்னபோது காலை ஒன்பது முப்பத்தைந்து. சொல்லிவிட்டு லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் மேனேஜர் இராமலிங்கம், “நான் அப்பவே நினைச்சேன்” என்றபடி அறையை விட்டுப் போய்விட்டார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பெரம்பலூரில் வெங்காய மண்டி வைத்திருக்கும் லப்பைக்குடிகாடு அப்துல் நாசரின் மகன் நான், முகமது ஆசிக். எங்கள் மண்டித் தெருவில் யாரும் முதலில் விலை சொல்ல மாட்டார்கள். என் அத்தா ஒரு லோடு வெங்காயத்துக்கு எதிரே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவார், ஷார்ஜாவில் இருக்கும் மச்சானைப் பற்றிப் பேசுவார், வந்தவர் போட்டிருக்கும் செருப்பைப் பற்றிக்கூட விசாரிப்பார். விலை மட்டும் எதிராளி வாயிலிருந்துதான் வரவேண்டும். அந்த வீட்டுப் பிள்ளை, கேட்பதற்கு முன்பே சாக்கை அவிழ்த்துக் கொட்டிவிட்டேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஷார்ஜாவில் ஆறு வருஷம் கேபிள் இழுத்துவிட்டு வந்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை போட்டிருந்தேன். இந்த சிமெண்ட் ஆலையின் கம்ப்யூட்டர்களை வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வேண்டியிருந்தது. மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்ள அவசரப்பட்டேன்.

ரெட்டிபாளையம், ஆலத்தியூர்ப் பெரிய ஆலைகளுக்கு முன்னால் இது குட்டி ஆலை. மூட்டை ஏற்ற நாலு லைன் இருந்தது. ஒவ்வொரு லைனுக்கும் தினம் ஓர் ஊர். திருச்சி லைன் கிடைத்த லாரி, சரக்கை இறக்கிவிட்டுச் சாயங்காலமே வீடு திரும்பும். கோழிக்கோடு லைன் என்றால் மூன்று நாள். வரும்போது வெறும் வண்டி. சண்டை வராமலிருக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். எந்த லைனுக்கு எந்த ஊர் என்பதைக் காலையில் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். லாரிகள் பத்து மணிக்குள் தங்களுக்குத் தோன்றிய லைனில் போய் நின்றுவிட வேண்டும். பத்துக்குத் தடுப்புக் கம்பு இறங்கும். அதன் பிறகுதான் பட்டியலைப் பலகையில் ஒட்டுவார்கள். நின்றவன் நின்றதுதான்; லைன் மாற முடியாது.

இதில் கண்ணையன் என்ற லாரி புரோக்கரின் எட்டு வண்டிகளும் பத்தொன்பது நாளாகத் தொடர்ந்து திருச்சி லைனிலேயே நின்றன. ஒருவனுக்கு அதிர்ஷ்டம் இரண்டு நாள் அடிக்கலாம், மூன்று நாள் அடிக்கலாம். லாரி சங்கத் தலைவர் ஆண்டவர் கெடு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குள், பட்டியலை முன்கூட்டியே வெளியே விடும் ஆளின் பேர் வேண்டும். இல்லையென்றால் ஒரு லாரி நகராது.

அந்த வெள்ளிக்கிழமைதான் இது. 2006, ஆகஸ்ட் மாதம்.

பட்டியல் போடுவது டெஸ்பாட்ச் ஆபீஸ் கிளார்க் சுவாதி. சுண்ணாம்புக்கல் வெட்ட அவள் அப்பா மூன்று ஏக்கர் சோளக்காட்டைக் கொடுத்தவர். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்பது பேச்சு. அந்த ஒரு வேலையில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அது போனால் இன்னொன்று கிடையாது; நிலத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, அது இப்போது நூறடிப் பள்ளம். கண்ணையனுக்கும் அவள் ஊர்தான். மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது. என்னைக் கூப்பிட்டது ஆளைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல, கண்டுபிடித்தாயிற்று என்று கையெழுத்துப் போடுவதற்கு. எனக்கு அது உறைக்க அரைமணி நேரம் ஆனது.

செய்த வேலை இவ்வளவுதான். ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டர் வயர்கள் எல்லாம் வந்து சொருகும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பேர். ஒவ்வொரு வயருக்கும் ஒரு துளை, போர்ட் என்போம். ஏழாவது போர்ட்டில் வருவது பன்னிரண்டுக்குப் போக வேண்டியதென்றால், சுவிட்ச் அதைப் பன்னிரண்டுக்கு மட்டும் தள்ளும். பக்கத்தில் இருப்பவனுக்குக் காற்றுக்கூடப் படாது. ஆனால் கொஞ்சம் விலை கூடிய சுவிட்சில் ஒரு வசதி உண்டு. இந்தப் போர்ட்டில் என்ன நடந்தாலும் அதன் நகலை அந்தப் போர்ட்டுக்கு அனுப்பு என்று உத்தரவு போடலாம். கண்ணாடி வைத்த மாதிரி. மிரர் என்றே அதற்குப் பேர். இருபத்து நாலாவது போர்ட்டைக் கண்ணாடியாக்கி அதில் என் லேப்டாப்பைச் சொருகினேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்று, மீதி இருபத்து மூன்று போர்ட்டிலும் உள்ளே வருவது, வெளியே போவது இரண்டையும் காட்டச் சொன்னேன்.

ஒன்பது இருபதுக்கு சுவாதியின் மெஷினிலிருந்து பட்டியல் கிளம்பியது. கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு. அது பத்து மணி வரை பூட்டியிருக்கும், பிறகு பலகைக்குப் போகும், அது முறைதான். ஆனால் என் திரையில் அது இரண்டு வரியாக வந்தது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இரண்டு தடவை.

அதைத்தான் சொன்னேன். ரெண்டு தடவை போகுது. திருடி என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லை மேனேஜர் கையோடு கொண்டு வந்திருந்தார்.

ஒன்பது ஐம்பதுக்கு என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர், பர்சனல் ஆபீஸர், செக்யூரிட்டி ஆபீஸர், டைப்பிஸ்ட் தனம் அம்மாள் நாலு பேரும் இருந்தார்கள். சுவாதி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

“நீயே சொல்லுப்பா ஆசிக். இவ மெஷின்லேருந்து ரெண்டு காப்பி போகுதா இல்லியா?”

“ரெண்டு வரி காட்டுது சார்.”

“ஒண்ணு கேட்டுக்கு. இன்னொண்ணு எவனுக்கு?” அவர் கேட்டது என்னை இல்லை.

சுவாதி அழுவாள் என்று தனம் அம்மாள் கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். அது வீணாகப் போனது. சுவாதி என்னைப் பார்த்தாள். எடைக்கல்லைத் திருப்பிப் பார்க்கும் விவசாயியின் பார்வை அது.

“பாய், நான் இங்க வந்த புதுசுல ஒரு வருஷம் எடைமேடையில இருந்தேன். தினம் காலையில முத லாரி வர்றதுக்கு முன்னாடி, எடை தெரிஞ்ச வெறும் வண்டி ஒண்ணை ஏத்திப் பாப்போம். மேடை சரியாக் காட்டுதான்னு. நீங்க ஏத்திப் பாத்தீங்களா?”

“என்னத்தை?”

“என்னோடது ரெண்டு காட்டுதுங்கறீங்க. மத்தவங்களோடது எத்தனை காட்டுது?”

நான் பார்க்கவில்லை. மேனேஜர் கையை வீசினார். “கேள்வி கேக்கற இடத்துல நீ இல்லம்மா. தனம், சஸ்பென்ஷன் ஆர்டர் அடிங்க. பதினோரு மணிக்கு ஆண்டவர் வர்றாரு, அவர் கையில காப்பி குடுத்துடலாம். நீ போயி டைம் ஆபீஸ்ல உக்காரு. மெஷினைத் தொடக் கூடாது.”

செக்யூரிட்டிப் பெண் ஒருத்தி அவளைக் கூட்டிப்போனாள். என்னைத் தாண்டும்போது சுவாதி நிற்கவில்லை. “வெங்காய மண்டி வூட்டுப் புள்ளைன்னாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே கம்பு இறங்கியது. பட்டியல் ஒட்டினார்கள். இரண்டாம் லைன், திருச்சி. இரண்டாம் லைனில் கண்ணையனின் எட்டு வண்டி. இருபதாம் நாள். டிரைவர்கள் கத்துவது சுவிட்ச் அறை வரைக்கும் கேட்டது.

நான் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். மணி பத்து ஐந்து.

சுவாதியின் வரிகளை விட்டுவிட்டு மற்றவர்களுடையதைப் பார்த்தேன். ஸ்டோர்காரர் அனுப்பியது, இரண்டு. எடைமேடைக் கணக்கு, இரண்டு. பர்சனல் ஆபீஸர் திறந்து பார்த்த கிரிக்கெட் ஸ்கோர்கூட இரண்டு. ஒரு ஆபீஸ் முழுக்கவா திருட்டு நடக்கும்?

கம்ப்யூட்டர் அனுப்பும் ஒவ்வொரு சிப்பத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு. உண்மையில் இரண்டு தடவை அனுப்பினால் எண் மாறும். சுவாதியின் இரண்டு வரிக்கும் எண்ணைப் பார்த்தேன். ஒரே எண்.

அப்போதுதான் நான் செய்து வைத்த கூத்து எனக்கே விளங்கியது. மண்டியில் முன்வாசலில் ஒருவன் மூட்டை எண்ணுகிறான், பின்வாசலில் ஒருவன் எண்ணுகிறான். நூறு மூட்டை முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறினால் இரண்டு பேரும் நூறு என்பார்கள். கூட்டி இருநூறு என்று சொல்கிறவனை அத்தா அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார். நான் எல்லாப் போர்ட்டிலும் உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி வைத்திருந்தேன். ஏழில் நுழைந்தபோது ஒரு நகல், பன்னிரண்டில் வெளியேறியபோது இன்னொரு நகல். போனது ஒன்றுதான். எண்ணியது நான், இரண்டு தடவை.

உள்ளே வருவதை மட்டும் காட்டு என்று உத்தரவை மாற்றினேன். எல்லாம் ஒற்றையாகிவிட்டது. சுவாதியின் பேரில் இருந்த கறை போயிற்று. ஆனால் என் திரையில் மட்டும். தனம் அம்மாளின் கீபோர்டு சத்தம் நிற்கவில்லை.

பத்து இருபது. நேராக மேனேஜரிடம் ஓடியிருப்பேன். ஆனால், “அப்போ யாருடா?” என்று கேட்பார். பேர் இல்லாமல் ஆண்டவர் முன்னால் நிற்க அவர் துணியமாட்டார்; கையிலிருக்கும் பேரையே கொடுத்துவிடுவார். வெறுங்கையோடு போய்ப் பேரம் பேச முடியாது.

காலையில் பிடித்து வைத்திருந்ததை, ஒரே எண் உள்ளதில் ஒன்றைக் கழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஒன்பது இருபதுக்குப் பட்டியல் கேட் கம்ப்யூட்டருக்குப் போனது. ஒன்பது இருபத்தொன்றுக்கு அதே பட்டியல் இன்னொரு இடத்துக்குப் போயிருந்தது. பத்தொன்பதாவது போர்ட். காலையில் அதையும் பார்த்தேன். பிரிண்டர்தானே என்று தள்ளிவிட்டிருந்தேன். ஆபீஸில் பிரிண்ட் எடுக்காதவன் யார்?

ஆனால் பத்து மணி வரைக்கும் யாரும் பார்க்கக் கூடாத பட்டியல், ஒன்பது இருபத்தொன்றுக்கே தாளில் எதற்கு?

பிரிண்டர் வராந்தாவில் இருந்தது. தட்டு காலி. அட்டெண்டர் பூமாலை டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, காலையில லைன் பட்டியல் ஒண்ணு பிரிண்ட் ஆவுதே, அது யாருக்கு?”

“யாருக்கும் இல்ல பாய். சாமிக்கு.”

“எந்தச் சாமிக்கு?”

“கேட்டாண்ட நம்ம புள்ளையாருக்குத்தான். மாசி மாசம் மூணாவது லைன்ல பெல்ட் அறுந்து ஒருத்தனுக்குக் கால் போச்சில்ல? அதுலேருந்து மேனேஜர் சார் ஆர்டர். பட்டியலை மொதல்ல சாமி காலடியில வெச்சு, மூலையில மஞ்சத் தடவி, ஒன்பது அம்பதுக்கு எடுத்தாந்து அவர்ட்ட கையெழுத்து வாங்கணும். நான்தான் வெக்கறேன். பாருங்க, அதுக்கப்புறம் ஒரு சின்ன காயம் உண்டா?”

“நீங்க வெச்சுட்டு அங்கயே நிப்பீங்களா?”

“இங்க டீ யாரு போடறது? வெச்சுட்டு வந்துடுவேன். கூட்டமெல்லாம் இருக்காது. கண்ணையன் மட்டும் தினம் மாலை வாங்கியாந்து போட்டு, கண்ணை மூடிக் கும்புட்டுட்டுப் போவாரு. ஒரு மாசமா ஒரு நாள் தவறல. லாரிக்காரங்கள்ல அந்த மாதிரி பக்தி யாருக்கும் கெடையாது பாய்.”

கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். கிளாஸ் ஒன்று உருண்டது.

“அண்ணே, இதை இப்ப யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“நான் என்ன பாய் சொன்னேன்?” என்றார் பூமாலை, பயந்துபோய்.

பத்து முப்பத்தைந்து. என்னிடம் இப்போது சரக்கு இருந்தது. ஆனால் விற்க முடியாத சரக்கு. பட்டியலை வெளியே விடுவது மேனேஜரே போட்ட உத்தரவு. ஐந்து பேருக்கு முன்னால் அதைச் சொன்னால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் எதையும் செய்வார். அதுவும் பிள்ளையார் காலடியிலிருந்து ஒழுகுகிறது என்று ஒரு பாய் போய்ச் சொன்னால், பேச்சு லாரியை விட்டு வேறெங்கோ ஓடிவிடும். அப்போது சுவாதியை யாரும் நினைக்கப்போவதில்லை.

மேனேஜர் அறையில் அவர் மட்டும் இருந்தார். லேப்டாப்பை அவர் மேஜையில் வைத்தேன்.

“சார், ஒரு நிமிஷம். ஒன்பது நாப்பதுக்கு நீங்க ஹெட் ஆபீஸுக்கு ஒரு மெயில் அனுப்பினீங்களா?”

அவர் முகம் இறுகியது. “அதை எதுக்கு நீ பாக்கறே?”

“கண்ணாடி வெக்கச் சொன்னது நீங்கதான் சார். முன்னால வர்றவங்க எல்லாரும் தெரியத்தான் செய்வாங்க. நான் படிக்கல. எத்தனைன்னு மட்டும் பாருங்க.”

பார்த்தார். இரண்டு வரி.

“நான் ஒரு தடவைதான் அனுப்பினேன்.”

“ரெண்டு காட்டுது சார்.”

“நான் ஒண்ணுதான்யா அனுப்பினேன்!”

“அந்தப் பொண்ணும் ஒண்ணுதான் அனுப்புச்சு சார்.”

வரிசை எண்ணைக் காட்டினேன். முன்வாசல் பின்வாசல் கதையைச் சொன்னேன். என் தப்பு என்று சொன்னேன். அந்தச் சொல் வாயிலிருந்து வர, விலை இறக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இராமலிங்கம் நாற்காலியில் சாய்ந்தார். “ஆள் புடிச்சாச்சுன்னு ஹெட் ஆபீஸுக்கு எழுதிட்டேன். இன்னும் இருபது நிமிஷத்துல ஆண்டவர். நான் என்ன சொல்லட்டும், கம்ப்யூட்டர்காரன் எண்ணத் தெரியாதவன்னா?”

“அதையே சொல்லுங்க. ஆனா நாளைக்குச் சொல்லுங்க. எனக்கு ஒரு நாள் குடுங்க சார்.”

“யாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“சொல்லு.”

“நாளைக்கு நீங்களே பாப்பீங்க. ரெண்டு பட்டியல் போடணும். நிஜமானது கேட் கம்ப்யூட்டருக்கு. லைன் மாத்திப் போட்டது பிரிண்டருக்கு. அதைப் பூமாலை அண்ணன் வழக்கம்போல எடுத்துட்டுப் போவட்டும். அவ்வளவுதான்.”

‘பிரிண்டர்’ என்றதும் அவர் கை மேஜைமேல் அப்படியே நின்றது. ‘பூமாலை’ என்றதும் கண் வாசல் பக்கம் போனது. நான் மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பிடித்தவனுக்கும் பிடிபட்டவனுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த அறையில் துண்டு இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, “அந்த ஆர்டரை நிறுத்தச் சொல்லு தனத்தை” என்றார். பிறகு குரலை இறக்கி, “ஆண்டவரை யார் சமாளிக்கறது?” என்றார்.

ஆண்டவர் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். உடையார்பாளையத்துக்காரர், நாலு லாரிக்குச் சொந்தக்காரர், உட்காராமல் பேசுகிறவர்.

“பேர் என்ன சார்?”

“நாளைக்கு…” என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

“நாளைக்கின்னா வண்டியும் நாளைக்குத்தான். வெளியில எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு சார், கிளார்க் பொண்ணை உக்கார வெச்சிருக்கீங்களாமே. கண்ணையன் ஊர்ப் பொண்ணு. அந்தப் பேரைச் சொல்ல உங்களுக்கு என்ன வெக்கம்?”

பேர் கேட்டைத் தாண்டிவிட்டது. “அண்ணே” என்றேன். “நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. நாங்க பேர் சொல்ல வேண்டியதில்ல. நீங்களே வண்டி நம்பரோட சொல்லுவீங்க.”

“நீ யாரு?”

“கம்ப்யூட்டர் பாக்கறவன்.”

“நாளைக்குத் தெரியலன்னா?”

“என் பேரைச் சொல்லிக்குங்க. பெரம்பலூர்ல எங்க அத்தா மண்டி வாசல்ல உங்க நாலு லாரியையும் குறுக்க நிறுத்துங்க. வெங்காயம் வெளிய போவாது.”

ஆண்டவர் முதல் தடவையாகச் சிரித்தார். ஆனால் போகும்போது சிரிக்கவில்லை. “பத்து மணி. தெரியலன்னா அந்தப் பொண்ணு இந்த கேட்டுக்குள்ள வரக் கூடாது.”

டைம் ஆபீஸில் சுவாதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு இரண்டு பட்டியல் போட வேண்டும் என்றேன். ஏனென்று சொல்லவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சாமிகிட்ட போற தாளா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அதை யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் பாய். கும்புடறவங்க கண்ணை மூடிக்கிட்டுத்தானே நிப்பாங்க.”

“கண்ணையன் ஒரு கண்ணைத் தொறந்து வெச்சிருக்கான் போல.”

அவள் சிரிக்கவில்லை. “எத்தனை காட்டுதுன்னு பாத்தீங்களா?”

“பாத்தேன். எல்லாருக்கும் ரெண்டு.”

“ம்” என்றாள். அதோடு சரி.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் குலுக்கியதில் ஒன்றாம் லைனுக்குத் திருச்சி விழுந்தது. மூன்றாம் லைனுக்குக் கோழிக்கோடு. பிரிண்டருக்குப் போன தாளில் சுவாதி இரண்டையும் இடம் மாற்றினாள். பூமாலை தாளை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “சாமிகிட்டப் பொய்த் தாளை வெக்கறோமே பாய்” என்றார். “சாமிக்கு நெசம் தெரியும்ணே” என்றேன்.

ஒன்பது முப்பதுக்கு மாலையோடு கண்ணையன் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. நானும் மேனேஜரும் மாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்றோம். கண்ணையன் மாலையைப் போட்டார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், குனிந்து நிலத்தைத் தொட்டார். கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தார். இராமலிங்கம் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

ஒன்பது நாற்பத்தைந்து. லாரிகள் நகரத் தொடங்கின. ஆண்டவர் தடுப்புக் கம்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணையனின் முதல் வண்டி, பச்சை நிற முகப்பு, மெதுவாக உள்ளே வந்து ஒன்றாம் லைனுக்குள் மூக்கை நுழைத்தது.

ஒன்றாம் லைன். நிஜமான திருச்சி.

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் பிள்ளையார் இல்லை, தாள் இல்லை, நிஜப் பட்டியல் வேறு வழியில் போயிருக்கிறது. நிஜப் பட்டியலைத் தொட்டவள் ஒருத்திதான். கீழே டெஸ்பாட்ச் ஆபீஸ் வாசலில் சுவாதி நிற்பது தெரிந்தது. அவளும் அந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா இது?” என்றார் இராமலிங்கம், மிக மெதுவாக.

பச்சை வண்டியிலிருந்து கிளீனர் குதித்தான். ஒன்றாம் லைன் குழாயில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றினான். மூடியைத் திருகினான். ஏறினான். வண்டி பின்னால் வந்து, வளைந்து, மூன்றாம் லைனில் போய் நின்றது. அதன் பின்னால் இரண்டாவது, மூன்றாவது. எட்டும் மூன்றில்.

நான் ஜன்னல் கம்பியை விட்டேன்.

பத்து மணி. கம்பு இறங்கியது. பலகையில் நிஜப் பட்டியலை ஒட்டினார்கள். ஒன்று, திருச்சி. மூன்று, கோழிக்கோடு.

கண்ணையன் பலகையைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவர் செய்ததுதான் அவரை ஒழித்தது. வாயை மூடிக்கொண்டு கோழிக்கோட்டுக்கு வண்டியை அனுப்பியிருந்தால், அதிர்ஷ்டம் கவிழ்ந்துவிட்டது என்று ஊர் பேசிவிட்டுப் போயிருக்கும். அவர் கத்தினார்.

“இது தப்பு! மூணாவதுதான் திருச்சி! காலையில மூணுன்னுதான் போட்டிருந்துது!”

லாரிக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஆண்டவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

“எங்க போட்டிருந்துது கண்ணையா?”

கண்ணையனின் பார்வை தன்னையறியாமல் பிள்ளையார் பக்கம் போயிற்று. பூமாலை இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது சங்கத்துக்காரர்களின் பாடு. எட்டு வண்டியும் கோழிக்கோட்டுக்குத்தான் போயின. மேனேஜர் மாடியிலிருந்து இறங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். “சாமிகிட்ட இனிமே பத்து மணிக்கப்புறம் வெப்போம்” என்றார் கடைசியில். “பத்து மணிக்கப்புறம் வெச்சா சாமி கோவிச்சுக்காது சார்” என்றேன்.

பதினொன்றரைக்கு நேற்று இருந்த அதே ஐந்து பேர் அதே அறையில். மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். “கம்ப்யூட்டர் கோளாறுன்னு எழுதி ஃபைலை மூடிடலாம். யாருக்கும் கெட்ட பேர் இல்ல. சுவாதி, நீ போயி வேலையைப் பாரும்மா.”

சுவாதி நகரவில்லை.

“கோளாறுன்னா யாரோட கோளாறு சார்? ஹெட் ஆபீஸுக்கு என் பேர் போட்டு மெயில் போயிருக்கு. நாளைக்கி ஆள் குறைக்கறப்போ மொதல்ல அந்த மெயிலைத்தான் எடுப்பாங்க. நிலத்துக்குக் குடுத்த வேலை சார் இது. எங்கப்பா திரும்ப வெட்டிக் குடுக்க இன்னொரு காடு இல்ல.” என் பக்கம் திரும்பினாள். “நேத்து இதே ரூம்ல, இதே ஆளுங்க முன்னாடி சொன்னீங்க. இன்னைக்கி எழுதிக் குடுங்க பாய்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். எழுதினால் வருஷ வேலையை மறந்துவிடு என்பது அந்தப் பார்வை. எண்ணத் தெரியாதவனை எந்த ஆலை கூப்பிடும்?

தாளை எடுத்தேன். ‘கண்காணிப்பின்போது ஏற்பட்ட ஒரு சிறு தொழில்நுட்பத் தவறினால் ஒரே பட்டியல் இரண்டாகத் தெரிந்தது’ என்று எழுதி நீட்டினேன்.

படித்தாள். “‘சிறு’வை அடிங்க.”

“சின்னதுதானேம்மா…”

“என் வேலை போவற அளவுக்குச் சின்னதா?”

அடித்தேன்.

“தொழில்நுட்பத்தையும்.”

“அது இருக்கட்டும். அது இல்லன்னா எனக்கு மரியாதையே இல்ல.”

“அது இருந்தா மெஷின் மேல பழி போவும். மெஷின் என்ன பண்ணுச்சு? சொன்னதைத்தானே செஞ்சுது?”

அடித்தேன். மீதி ‘ஒரு தவறு’ என்று நின்றது.

“யாரோடதுன்னு இல்லியே.”

தனம் அம்மாள் நேற்றைய கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷம் மண்டியிலும் ஷார்ஜாவிலும் பேரம் பார்த்தவன் நான். ஒரு சொல்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. ‘ஒரு’வை அடித்து ‘என்’ என்று எழுதினேன். கீழே, ‘செல்வி சுவாதி பட்டியலை ஒரு முறையே அனுப்பினார், அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை’ என்று அவள் கேட்காமலேயே சேர்த்தேன். கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மடிக்கவில்லை.

“ஜெராக்ஸ் ரெண்டு காப்பி எடுங்க பாய். ஒண்ணு என் ஃபைலுக்கு. ஒண்ணு எங்கப்பா கையில குடுக்கணும்.”

வராந்தாவுக்குப் போய் எடுத்துவந்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளாமல் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“எண்ணிட்டுக் குடுங்க.”

ஐந்து பேர் முன்னால், விரலில் எச்சில் தொட்டு எண்ணினேன்.